கிணற்று மோட்டாரை இறக்கி வைக்கலாமா?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கிணறுகளின் நீர்மட்டம் விரைவாகத் தாழத் தொடங்குகிறது. பெரியாறு, வைகைப் பாசனம் முழுமையாக எட்டாத உசிலம்பட்டி, சேடபட்டி, கள்ளிக்குடி, டி. கல்லுப்பட்டி வட்டாரங்களில் கோடைப் பயிருக்கு இறவைக் கிணறே உயிர்நாடி. குழாய் நிறைய விழுந்த தண்ணீர் மெலிந்து போகும்போது, 'மோட்டாரைக் கீழே இறக்கினால் சரியாகிவிடும்' என்று விவசாயி எண்ணுகிறார். கடன் வாங்கிப் பாறையை வெட்டி, புது மேடையும் கட்டுகிறார். சில இடங்களில் இதனால் பயிர் பிழைக்கிறது. வேறு சில இடங்களில் பணமும் போய், மழைக்காலத்தில் மோட்டாரும் நீரில் மூழ்குகிறது. ஆகவே, கிணற்றுக்குள் மேடையின் மீது பொருத்தப்பட்ட பம்புசெட்டை எப்போது இறக்கலாம், எப்போது இறக்கலாகாது என்பதை இங்கே ஆராய்வோம்.

உறிஞ்சும் உயரத்தின் எல்லை

கமலை இறைத்த காலத்தில் நீர் தாழ்ந்தால் வடத்தை நீட்டினால் போதும். பம்பின் இயல்பு வேறு. பம்பு தண்ணீரை மேலே இழுப்பதாக நாம் கருதுகிறோம். உண்மையில், அது தன்னுள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியிலுள்ள காற்று கிணற்று நீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது. காற்றுக்கு அவ்வாறு ஏற்றும் வலிமை ஏறக்குறைய 34 அடி உயரமே. இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1643ஆம் ஆண்டில் பாதரசக் குழாயைக் கொண்டு இவ்வுண்மையை விளக்கினார். குழாயின் உராய்வு, வளைவுகள், அடிவால்வின் தடை ஆகியவற்றைக் கழித்தால், நடைமுறையில் 20 அடியையே எல்லையாகக் கொள்வது நலம். அதற்கு மேற்பட்டால் நீர் குறையும். பம்பினுள் கூழாங்கல் உருள்வது போன்ற ஒலி கேட்கும். உட்சக்கரமும் நாளடைவில் அரிக்கப்படும்.

முதலில் கயிறு

எனவே, முடிவு செய்யுமுன் ஒரு கயிற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டியபின், பம்பின் நடுப்பகுதியிலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். ஓடாத வேளையில் அளப்பது பயனற்றது. ஏனெனில் இறைக்கும்போது மட்டம் தாழ்ந்துவிடும்.

எமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், புது மேடைக்குக் கல் வெட்ட ஆள் பேசிவிட்ட விவசாயி ஒருவரின் கிணற்றை இவ்வாறு அளந்தோம். கயிறு 16 அடியே காட்டியது. ஆகவே, குறை உயரத்தில் இல்லை. உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் ஈரக் களிமண்ணை அப்பியவுடன் தண்ணீர் பெருகிற்று. உள்ளிருந்த ரப்பர் வளையம் நைந்து, காற்று புகுந்திருந்தது. வளையத்தை மாற்றியதும் வேலை முடிந்தது.

அளவு 20 அடிக்குள் இருந்தும் நீர் குறைந்தால், மேடையைத் தொடலாகாது. ஒவ்வொரு முறையும் பம்பில் நீர் ஊற்ற வேண்டியிருந்தால் அடிவால்வு கசிகிறது. நீர் குமிழியிட்டு விட்டுவிட்டு விழுந்தால் எங்கோ காற்று புகுகிறது. உறிஞ்சு குழாய் குறுகியதாகவோ, வளைவுகள் மிகுந்தோ இருப்பதும் குறையே.

இறக்குவதால் கிடைப்பதும் கிடைக்காததும்

அளவு 20 அடியைத் தாண்டினால் இறக்குவது தகும். ஆயினும், அதனால் மின்சாரம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம். நீர்மட்டத்திலிருந்து தரைவரை ஏற்ற வேண்டிய உயரம் மாறுவதில்லை; உறிஞ்சும் பங்கு குறைந்து, தள்ளும் பங்கு கூடுகிறது, அவ்வளவே. 1990 முதல் நம் மாநிலத்தில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாதலால், வீணாவது கட்டணச் சீட்டில் தெரியாது; பயிரில் தெரியும். மேலும், ஊற்று வறண்ட கிணற்றில் மோட்டாரை இறக்கினால் இருக்கும் நீர் விரைவில் தீருமேயன்றிப் புது நீர் சுரக்காது.

மழைக்கால மட்டத்தையும் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம்: மோட்டார் தரையிலிருந்து 18 அடி ஆழத்தில் உள்ளது. ஏப்ரலில் நீர் 44 அடியில் நிற்கிறது. உறிஞ்சும் உயரம் 26 அடி. மோட்டாரை 26 அடி ஆழத்திற்கு இறக்கினால் அவ்வுயரம் 18 அடியாகும், கோடைக்கு நன்று. ஆனால் வடகிழக்குப் பருவமழைக்குப்பின், டிசம்பரில், நீர் 22 அடிவரை ஏறினால் மோட்டார் 4 அடி நீரில் மூழ்கும்.

ஆகவே விதி இதுதான்: கோடை மட்டத்திற்கும் மழை மட்டத்திற்கும் உள்ள வேறுபாடு 18 அடிக்குள் இருந்தால், உயர்ந்த மட்டத்திற்கு 2 அடி மேலே நிலையான மேடை அமைக்கலாம். அதற்கு மேற்பட்டால், பருவத்துக்கேற்ப ஏற்றி இறக்க வசதி செய்ய வேண்டும். அல்லது திறந்த கிணற்றுக்குரிய நீர்மூழ்கி மோட்டாருக்கு மாற வேண்டும். அது நீருக்குள்ளேயே இருப்பதால் உறிஞ்சும் தொல்லை இல்லை.

உயிர் முதன்மையானது

மின் இணைப்பைத் துண்டிக்காமல் எவரும் கிணற்றில் இறங்கலாகாது. மேடை தாங்கும் சுவர் உறுதியானதா என்று பார்க்க வேண்டும். நில இணைப்பு சரியாக இருக்க வேண்டும். எண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. அதன் நச்சுப்புகை கிணற்றில் தங்கி, இறங்கியவரின் உயிரைப் போக்கிவிடும்.

ஊராட்சி உறுப்பினர்கள் இப்பணியில் பெரிதும் உதவலாம். ஊரின் குடிநீர்க் கிணற்றையும் சில பாசனக் கிணறுகளையும் ஏப்ரலிலும் டிசம்பரிலும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பார்களாக. இரண்டே ஆண்டுகளில், எந்தக் கிணற்றுக்கு மேடை வேண்டும், எங்கே கண்மாயைத் தூர்வாரி ஊற்றைப் பெருக்க வேண்டும் என்பது ஊருக்கே விளங்கும். கடன் சீட்டில் கையெழுத்திடுமுன் கயிறு பிடிப்போம்.