ஒரு பிடி மல்பெரி, ஒரு புட்டி ஜாம்

பெர்ரி என்றதும் நமக்குக் கேமரன் மலை ஸ்ட்ராபெரிதான் நினைவுக்கு வரும். கிள்ளான் பள்ளத்தாக்கு வெயிலில் ஸ்ட்ராபெரியை வளர்ப்பது பெரும்பாடு. மல்பெரி அப்படியில்லை, தொட்டியில் வைத்தால்கூடக் காய்க்கும். தமிழில் முசுக்கட்டை என்று பெயர். தமிழ்நாட்டில் பட்டுப்புழுவுக்கு இலை போடத்தான் இதைப் பெரும்பாலும் வளர்க்கிறார்கள். இங்கே நமக்குப் பழம்தான் முக்கியம்.

செடி வாங்கப் பலரும் தேடி வருவது நான் குடியிருக்கும் சுங்கை பூலோவுக்கு. 1930இல் தொழுநோயாளிகளுக்காக இங்கே ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று பின்னாளில் பெயர்பெற்ற அந்த இடத்தில், குணமடைந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்றார்கள். இன்று அங்கே வரிசையாக நிற்கும் நர்சரிகளுக்கு அதுதான் தொடக்கம். என் வீட்டு மல்பெரியும் அங்கிருந்து வந்ததே.

மல்பெரியில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. இன்று ஒரு பிடி, நாளை அரைப் பிடி. பறித்ததை வெளியே வைத்தால் மறுநாளே கசியும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். ஜாம் காய்ச்ச அரைக் கிலோவாவது வேண்டாமா? அது சேர்வதற்குள் முதலில் பறித்தது கெட்டுவிடும். 'இது எதற்காகும்' என்று மைனாவுக்கே விட்டுவிடுகிறோம். இங்கேதான் ஃப்ரீசர் உதவுகிறது. தினமும் சில்லறை போடும் உண்டியல் மாதிரி அது.

கறுத்துப் பழுத்ததை மட்டும் பறியுங்கள். காம்பைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். இழுத்தால் பழம் கிழியும். ஓடும் நீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். பிறகு ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கோலிக்குண்டு போல் இறுகியிருக்கும். பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, தேதி எழுதுங்கள். தட்டில் பரப்பாமல் நேரே பையில் போட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். வேண்டிய அளவு எடுக்க முடியாது.

மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை சுவை தாங்கும். உங்கள் ஃப்ரீசரில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால்தான் மைனஸ் 18. குறைவாக இருந்தால் சீக்கிரம் பயன்படுத்திவிடுங்கள்.

வானொலியில் சமையல் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: "உறைய வைத்தால் கிருமி செத்துவிடும்தானே?" சாகாது. குளிரில் கிருமி பெருகாமல் நிற்கும், அவ்வளவுதான். 2015இல் ஆஸ்திரேலியாவில் இறக்குமதி செய்யப்பட்ட உறைந்த பெர்ரிகளால் பலருக்கு ஹெபடைடிஸ் ஏ தொற்றியது. ஆகவே பறவை கொத்தியதையும் தரையில் விழுந்ததையும் சேர்க்காதீர்கள். பழத்தைத் தொடுமுன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு உறைந்த பழத்தை அப்படியே கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கலாம். இளகவைத்து மசித்துக் கொடுங்கள்.

மின்சாரம் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும்.

உறையும்போது பழத்துக்குள் இருக்கும் நீர் பனித்துகளாகி உள்ளே கிழித்துவிடுகிறது. அதனால் இளகிய பழம் தொளதொளவென்று இருக்கும். தட்டில் அழகாக அடுக்க உதவாது. ஆனால் சாறு சுலபமாக இறங்குவதால் ஜாமுக்கு அதுவே வசதி. இளகும்வரை காத்திருக்காமல் நேரே சட்டியில் போட்டு, சீனியும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சலாம்.

தீபாவளிக்கு எல்லார் வீட்டிலும் அன்னாசி டார்ட் இருக்கும். இன்றைக்கே பிடி பிடியாகச் சேர்க்கத் தொடங்கினால், உங்கள் வீட்டுத் தட்டில் மல்பெரி டார்ட்டும் இருக்கும்.