'வெறும் தகரம்தானே!' என்று விட்டால் இன்ஜினே போய்விடும்

அரை நூற்றாண்டு வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. பெயின்ட் மின்னுகிறது, சீட் புதுசு, சாவியைத் திருப்பியதும் உறுமுகிறது. ஆனால், இன்ஜின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால், இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகரத் தகடுகள் துருவேறி சல்லடையாகக் கிடக்கின்றன. 'வெளியே தெரியாத தகரம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்றுதான் பலருக்கும் தோன்றும். காற்றால் குளிரும் இன்ஜின் என்றால், இந்த 'அப்புறம்' பெரிய செலவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இதற்கு நல்ல உதாரணம், போர்ஷே 914.

கைகுலுக்கலில் பிறந்த கார்

1960-களில் ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹெய்ன்ஸ் நார்ட்ஹாஃபும் ஃபெர்ரி போர்ஷேவும் வாய்மொழியாகப் பேசி, கைகுலுக்கி முடிவு செய்த திட்டம் இது. கார் வெளிவரும் முன்பே, 1968 ஏப்ரலில் நார்ட்ஹாஃப் இறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த கர்ட் லோட்ஸ், அந்தப் பேச்சு தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார். இழுபறிக்குப் பிறகு, 1969-ல் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் ஷோவில் கார் அறிமுகமானது. 1976 வரை தயாரானதில், நான்கு சிலிண்டர் மாடல் மட்டுமே 1 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே இன்றும் வார இறுதியில் வீட்டு கராஜில் வைத்துத் தாங்களே பழுதுபார்க்க விரும்புபவர்களின் செல்லம் இது.

இதன் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் இருக்கிறது. நான்கு சிலிண்டர் மாடலில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

தகரத்துக்கு என்ன வேலை?

புல்லட் பைக்கின் இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக ஃபின்கள் இருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அவற்றில் பட்டு சூடு தணியும். 914-ன் இன்ஜினோ பாடிக்குள் ஒளிந்திருக்கிறது. எதிர்க்காற்று அதை எட்டாது. அதனால் ஒரு ஃபேன், மேலே இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்து ஃபின்களுக்குள் ஊதுகிறது. ஆயில் கூலருக்கும் அதே காற்றுதான். சூடான காற்று கீழே சாலைப் பக்கம் வெளியேறிவிட வேண்டும்.

இந்த ஒருவழிப் பாதையை அமைத்துத் தருவதுதான் தகரத்தின் வேலை. சில தகடுகள் சிலிண்டரை ஒட்டி நின்று, காற்று சிதறாமல் ஃபின்களுக்கு அனுப்புகின்றன. ஓரத் தகடுகள் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே தடுப்பாக நிற்கின்றன. அவற்றின் விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டை மிச்ச இடைவெளியை அடைக்கிறது.

தகடு ஓட்டையானால், கீழே போன சூடான காற்று மறுபடி மேலே ஏறும். ஃபேன் அதையே இழுத்து ஊதும். குளிர்விக்க வேண்டிய காற்றே சூடாக வந்தால் என்ன ஆகும்? ஆயில் நீர்த்துப்போகும், தேய்மானம் கூடும். அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் பதிந்திருக்கும் வால்வு சீட் தளர்ந்து கழன்றுவிடும் ஆபத்தும் உண்டு. ரேடியேட்டர் கார் என்றால் ஆவி கக்கி எச்சரிக்கும். இது சத்தமில்லாமல் வெந்துபோகும்.

துரு எங்கிருந்து வருகிறது?

914-ன் பேட்டரி இன்ஜின் அறையிலேயே, வலது மூலையில் இருக்கிறது. மேலே இன்ஜின் மூடியின் கிரில் வழியாக மழைநீர் இறங்கும். பழைய பாணி பேட்டரியிலிருந்து கசியும் ஆசிட்டும் அதோடு சேர்ந்து முதலில் பேட்டரி தட்டை அரிக்கும், அடுத்து கீழே உள்ள தகரத்தை. கடைசியில் காரின் நீளவாட்டு எஃகுச் சட்டம் வரை இறங்கிவிடும். அந்த மூலைக்கு 914 பிரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'நரகக் குழி'!

அதனால், தகரத்தை மட்டும் புதிதாக மாட்டினால் போதாது. துருவின் காரணத்தையும் சரிசெய்ய வேண்டும். 914-ன் கூரையைக் கழற்றிவிடலாம் என்பதால், உடம்பின் பலத்தில் பெரும்பங்கு நீளவாட்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. அதை ஸ்குரூடிரைவர் முனையால் ஆங்காங்கே தட்டிப் பாருங்கள். உள்ளே இறங்கினாலோ, கதவின் இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தாலோ, அது அனுபவமுள்ள வெல்டரிடம் போக வேண்டிய கேஸ்.

வீட்டிலேயே செய்ய...

* முதலில் பேட்டரியைத் துண்டித்து வெளியே எடுங்கள். ஆசிட் பட்ட இடத்தில் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றுங்கள். நுரை நின்ற பிறகு, நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

* எல்லாக் கோணத்திலும் மொபைலில் போட்டோ எடுங்கள். எந்தத் தகடு எதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது, திரும்ப மாட்டும்போது மறந்துபோகும்.

* துருவேறிய திருகுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை விடுங்கள். வேகம் காட்டினால் திருகின் தலை போய்விடும். கழற்றிய திருகுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, எந்த இடத்தினுடையவை என்று எழுதிவையுங்கள்.

* ஓரத் தகடுகள் பலவற்றை மேலிருந்தே எடுத்துவிடலாம். சிலிண்டரை ஒட்டிய தகடுகளுக்கு இன்ஜினை இறக்க வேண்டியிருக்கும். 914-ல் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து கீழ்ப்பக்கமாகத்தான் வெளியே வரும். வெறும் ஜாக்கை நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. சமதளத்தில் ஜாக் ஸ்டாண்ட் போட்டே வேலை பாருங்கள். முதல் தடவை என்றால் விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

* தகரம் வெளியே வந்ததும் ஃபின்களைப் பாருங்கள். நெடுநாள் நின்ற காரில் இலைச்சருகு, ஆயிலில் குழைந்த தூசி, எலிக்கூடுகூட இருக்கும். இதைச் சுத்தம் செய்யாமல் புதுத் தகரம் மாட்டிப் பயனில்லை. பெட்ரோல் ஹோஸ்களை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பழசா, புதுசா?

மேலாக மட்டும் துரு இருந்தால் கம்பி பிரஷ் போதும். சிறிய தகடுகளை வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தாலும் துரு கழன்றுவிடும். கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து, பிரைமர் அடிக்க வேண்டும். தாமதித்தால் மறுபடி துரு பூக்கும். மணல் வீசித் துரு எடுத்தால், ஒரு மணல் துகள்கூடத் தங்காமல் கழுவுங்கள். அது இன்ஜினுக்குள் போனால் ஆபத்து.

ஓட்டை விழுந்த தகட்டுக்கு மாற்றுதான் வழி. உதிரிபாகத்துக்காகப் பிரித்த கார்களிலிருந்து கிடைக்கும் ஒரிஜினல் தகடுகளை வாங்கலாம். புதிதாகச் செய்து விற்பவையும் உண்டு. வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். திருகு ஓட்டைகள் நேராக வருகின்றனவா, விளிம்பு பாடியோடு சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே ஒருமுறை மாட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பவுடர் கோட்டிங் கனமானது. திருகு ஓட்டைகள் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாட்டும்போது எல்லாத் திருகுகளையும் கையால் பாதி திருகி நிறுத்தி, எல்லாம் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள். ரப்பர் பட்டையைப் புதிதாகப் போடுங்கள். பழையது பெரும்பாலும் விறைத்துப்போயிருக்கும். வேலை முடிந்ததும் திருகுகளையும் துடைத்த துணிகளையும் எண்ணுங்கள். ஒரே ஒரு துணி ஃபேனுக்குள் இருந்தாலும் அத்தனை உழைப்பும் வீண்.

பேட்டரி இடத்துக்கு ஆசிட் கசியாத சீல் செய்த வகையை வாங்குங்கள். கிரில்லுக்கு அடியில் மழைநீரை ஏந்தும் தட்டு இருந்தால் இன்னும் நல்லது.

டார்ச் டெஸ்ட்

கடைசியாக, காசில்லாத ஒரு சோதனை. ராத்திரி கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, ஆஃப் செய்த காருக்கு அடியில் மொபைல் டார்ச்சை எரியவிடுங்கள். இன்ஜின் மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள். தகட்டின் விளிம்பில் எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ, அங்கெல்லாம் சூடான காற்றும் கசியும். அந்த இடங்களை மறுநாள் காலையில் அடைத்துவிட்டு, பிறகு வண்டியை எடுங்கள்!