மலைச்சரிவில் மனையும் தோட்டமும்

பூண்டுலோயாவில் கடுமழை பெய்த மறுநாள் ஆற்றைப் பார்ப்போர், அது செந்நிறமாய் ஓடக் காண்பர். அந்நிறம் மேலேயுள்ள நிலங்களின் மேல்மண்ணால் உண்டாவது. கொத்மலை ஓயாவின் வழியே செல்லும் அம்மண், 1985ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தில் வண்டலாய்ப் படிகின்றது. பயிருக்கு உரிய செல்வம் நீர்த்தேக்கத்துக்குச் சுமையாகின்றது. இவ்விழப்பைத் தடுக்கும் பணி ஒவ்வொரு வீட்டின் சுற்றுநிலத்திலும் தொடங்க வேண்டியதாகும்.

இப்பகுதியில் மேற்சரிவுகளில் தேயிலையும், பள்ளத்தாக்கில் படிப்படியான வயல்களும், இவற்றுக்கிடையே மனைகளும் மரக்கறித் தோட்டங்களும் அமைந்துள்ளன. மேலே உள்ளவர் செய்யும் பிழை கீழே உள்ளவரின் வயலில் மணலாய் வந்து சேரும். ஆகவே, ஓர் ஏக்கர் காணி உடையவரும், 160 பேர்ச் கொண்ட அவ்வேக்கரில் 7 பேர்ச் மட்டும் உடைய தோட்டத் தொழிலாளியும் இதில் ஒரே பொறுப்புடையவராவர்.

மரங்களின் அடுக்கு

கண்டிப் பகுதியின் பழைய வீட்டுத் தோட்டங்கள் நமக்கு நல்ல பாடமாகும். அங்கே பலாவும் கித்துளும் உயர்ந்து நிற்கும். அவற்றின் கீழ்க் கமுகு, கராம்பு, வாழை வளரும். மரங்களில் மிளகுக்கொடி படரும். நிலத்தில் இஞ்சியும் கிழங்குகளும் இருக்கும். மழைத்துளி இலைக்கு இலை தங்கி, வலுவிழந்தே மண்ணைச் சேரும். காணியின் செங்குத்தான பகுதியை இவ்வாறு மரங்களுக்கு ஒதுக்கி, சரிவு குறைந்த பகுதியிலேயே போஞ்சி, கரட், லீக்ஸ், கோவா முதலியவற்றைப் பயிரிடுதல் நன்று.

சமமட்ட வரிகள்

மரக்கறிப் பாத்திகளை மேலிருந்து கீழாக அமைத்தல் பெருந்தவறு. அவை சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் செல்ல வேண்டும். மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சம நீளமான இரு கம்புகளை உச்சியில் இணைத்து, கால்களை அகற்றி வைத்து, இடையே ஒரு குறுக்குக்கம்பு அறைந்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட வேண்டும். சட்டத்தை இரு முளைகள்மேல் நிறுத்திக் கயிறு படும் இடத்தைக் குறுக்குக்கம்பில் குறித்து, கால்களை இடம்மாற்றி மறுபடியும் குறிக்க வேண்டும். இரு குறிகளின் நடுவே கயிறு நிற்கும்போது கால்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் உள்ளன என அறியலாம்.

அம்மட்டத்தில் கல்வரம்பு கட்டலாம். அல்லது வெட்டிவேர், குவாத்தமாலாப் புல், மானாப் புல் ஆகியவற்றை நெருக்கமாய் நடலாம். சரிவு மிகுந்தால் வரிகளும் நெருங்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் மீள்நடுகைக்கு முன் இப்புற்களை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுவரை வளர்த்து மண்ணைத் தேற்றுவது வழக்கம். குவாத்தமாலாப் புல் பசுவுக்குத் தீனியாகும். பசுவின் சாணம் மீண்டும் மண்ணுக்கு உரமாகும்.

கான் வெட்டுவோர் அதனுள் இடையிடையே தாழ்ந்த மண்தடைகளை விட வேண்டும். மண் அங்கே தங்கும். நீர் மெல்ல வழியும். தங்கிய மண்ணை வாரி மேற்பாத்தியில் இடல் வேண்டும்.

மண்ணின் புளிப்பு

தேயிலைக்கு உகந்த புளிப்பு மண், பல மரக்கறிகளுக்கு ஒவ்வாது. கோவாவின் வேர் தடித்து வீங்கும் நோய் இத்தகைய மண்ணில் பெருகும். அதன் வித்திகள் பல்லாண்டு மண்ணில் உயிர்த்திருக்கும். மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவு டொலமைற்றை நடுகைக்கு முன்பே கலந்துவிடல் வேண்டும். நோய் கண்ட பாத்தியில் கோவா, முள்ளங்கி, நோக்கோல் ஆகிய ஓரினப் பயிர்களைப் பல ஆண்டுகள் தவிர்த்தல் அவசியம்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் மலைநாட்டுக் கமக்காரர் பட்ட இடர் யாவரும் அறிந்ததே. கூட்டெருவை ஓர் இரவில் ஆக்க இயலாது. சருகு, சாணம், சமையற்கழிவு ஆகியவற்றை ஆண்டு முழுதும் சேர்த்து வருபவரே எக்காலத்துக்கும் ஆயத்தமானவர்.

வீட்டுக்கும் காவல்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழை மத்திய மலைநாட்டில் பல உயிர்களையும் வீடுகளையும் மண்சரிவுக்கு இரையாக்கியது. வீட்டின் பின்புற மண்மேட்டைத் தக்க ஆலோசனையின்றி வெட்டுதல் கூடாது. கூரைநீரும் கழிவுநீரும் சரிவில் ஊறாது, கான்வழியே பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது புதிய இடத்தில் ஊற்றுத் தோன்றுதல் ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் பொருள்களை எண்ணித் தயங்காது, குடும்பத்துடன் வெளியேறி, கிராம அலுவலருக்கு அறிவிக்க வேண்டும். கல்வரம்பும் புல்வரியும் மேல்மண்ணைக் காக்கும். ஆழத்திலிருந்து பெயரும் மலையை அவை தடுக்கமாட்டா என்பதை மறத்தல் ஆகாது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் மண்ணைக் காக்கும் கை கமக்காரரின் கையே. மழைக்காலம் வருமுன் கமக்காரர் ஒவ்வொருவரும் தம் காணியின் மேலெல்லையிலிருந்து கீழெல்லை வரை ஒருமுறை நடந்து, நீர் எவ்வழி ஓடுகின்றது எனக் கண்டறிவாராக. அவ்வருடத்து வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.