பாறு தேடிப் பாறைக்கு...

ஹைதராபாத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தெலுங்கானாவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது பெஜ்ஜூர் காடு. பெத்தவாகு ஆறு பிராணஹிதாவில் கலக்கும் இடத்துக்கு அருகே செங்குத்தாக நிற்கிறது பாலராப்பு குன்று. ஆற்றின் அக்கரை மகாராஷ்டிரம். 2013-ல் இந்தக் குன்று திடீரெனச் செய்தியானது. காரணம் புலி அல்ல. பாறை இடுக்குகளில் கருங்கழுத்துப் பாறுகள் கூடு கட்டியிருந்தன.

பாறு என்பது பிணந்தின்னிக் கழுகின் பழந்தமிழ்ப் பெயர். பாறையில் வெள்ளையடித்தாற்போல் வழியும் எச்சம்தான் கூட்டுக்கு அடையாளம். வெயில் ஏறிப் பாறை சூடானதும் பறவைகள் கிளம்பும். விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் இறக்கைகளை அசைக்காமலே, மேலெழும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயரும். அருகிலிருந்து ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறப்பதில்லை.

எண்பதுகளில் இதற்காக யாரும் காடு ஏற வேண்டியிருக்கவில்லை. செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் போதும். நாட்டில் கோடிக்கணக்கில் பாறுகள் இருந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. கருங்கழுத்துப் பாறும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போயிற்று.

கொன்றது துப்பாக்கி அல்ல, டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணி. அது செலுத்தப்பட்ட மாடு ஓரிரு நாளில் இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும். 2004-ல் விஞ்ஞானிகள் இதை உறுதி செய்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது.

இழப்பு காட்டோடு நிற்கவில்லை. சடலங்களைப் பாறுகளுக்கு அளிப்பது பார்சிகளின் மரபு. ஹைதராபாத்-செகந்திராபாத் பார்சிகளும் அதற்கு விலக்கல்ல. பறவை இல்லாமல் அந்த மரபே ஆட்டம் கண்டது. தமிழ்நாட்டில், தினமும் உச்சிவேளையில் பிரசாதம் உண்ண இரண்டு கழுகுகள் வந்த திருக்கழுக்குன்றத்தில், தொண்ணூறுகளில் அந்த வருகை நின்றுபோனது. அவை மஞ்சள்முகப் பாறுகள். அழுகும் சடலங்களும் பெருகிய நாய்களும் நோய் பரப்பியதில், 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

மீட்பு முயற்சிகளும் நடக்கின்றன. ஹைதராபாத் நேரு விலங்கியல் பூங்காவில் பாறு இனப்பெருக்க மையம் அமைக்கப்பட்டது. பாறுகளுக்கு நஞ்சாகும் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரு மருந்துகளையும் 2023-ல் மத்திய அரசு கால்நடைகளுக்குத் தடை செய்தது. மெலாக்சிகாம் போன்ற பாதுகாப்பான மாற்று மருந்து இருக்கிறது.

ஆனாலும் அவசரத்துக்கு இடமில்லை. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்டச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். இரை தேடும் பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் கூடப் பறக்கும்; அதற்கு மாநில எல்லை தெரியாது. பாலராப்பு உச்சியில் பாறு வட்டமிடுமா என்பதை முடிவு செய்வது காவலர் அல்ல. ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள மாட்டுத் தொழுவங்களில், காய்ச்சல் கண்ட மாட்டுக்கு எந்த ஊசி போடப்படுகிறது என்பதுதான்.