தீனித்தட்டைக் காலிசெய்வது யார்?

பிரிட்டனில் ஏறத்தாழப் பாதி வீடுகளில் தோட்டத்துப் பறவைகளுக்குத் தீனி வைக்கிறார்கள். நிலக்கடலை, சூரியகாந்தி விதை, கொழுப்பு உருண்டை எனத் தட்டிலும் கம்பிக்கூட்டிலும் வைத்தால், குளிர்காலக் காலைகளில் பட்டாணிக்குருவியும் சிட்டுக்குருவியும் ஃபிஞ்சுகளும் வந்து மொய்க்கும். அந்தக் கூட்டத்தைத் தேடி ஸ்பேரோஹாக் வரும். நம்மூர் வைரிக்கு உறவான சிறு பருந்து இது. ஆண் 150 கிராம்தான் இருக்கும், பெண் கிட்டத்தட்ட அதைப்போல் இரு மடங்கு. வேலியோரமாகத் தாழப் பறந்து வந்து ஒரே பாய்ச்சலில் தாக்கும். பெரும்பாலும் வெறுங்காலோடு திரும்பும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு நொடியில் தட்டு வெறிச்சோடிவிடும். பக்கத்து மரத்திலேயே அது உட்கார்ந்துவிட்டால் நெடுநேரம் ஒரு குருவிகூடத் தலைகாட்டாது. சில நாள் இப்படியே போனால் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்: இந்தப் பறவை நம் குருவிகளை அழித்துக்கொண்டிருக்கிறது, இதன் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இந்தக் கோரிக்கை அந்நாட்டில் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. அதற்கு ஆதாரம் போதாது என்பது என் கருத்து.

முதலில், தட்டு ஏன் காலியாகிறது என்று பார்க்க வேண்டும். வேட்டைப் பறவையை முதலில் பார்க்கிற குருவி மெல்லிய, உச்சஸ்தாயி ஒலி ஒன்றை எழுப்பும். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எதிரியால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அதைக் கேட்டதும் மற்றவை புதருக்குள் பாய்கின்றன, அல்லது இருந்த இடத்திலேயே அசையாமல் உறைந்துவிடுகின்றன. வட அமெரிக்கச் சிக்கடிக் குருவி, உட்கார்ந்திருக்கும் எதிரி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கேற்பத் தன் அழைப்பின் கடைசி ஒலியைக் கூட்டிக் குறைத்துச் சொல்கிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு காட்டியது. இந்த ஏற்பாட்டில் கள்ளத்தனமும் உண்டு: பெரிய பட்டாணிக்குருவி, பருந்தே இல்லாதபோது அபாய ஒலி எழுப்பி, சிட்டுக்குருவிகளைத் தட்டிலிருந்து விரட்டிவிட்டுத் தான் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, வெறிச்சோடிய தட்டைப் பார்த்துச் சொல்ல முடிவது ஒன்றுதான்: குருவிகளின் தற்காப்பு வேலை செய்திருக்கிறது. அவற்றில் எத்தனை செத்தன என்பதை அந்தத் தட்டு சொல்லாது.

எத்தனை செத்தன, அதனால் இனம் குறைந்ததா என்று அறிய வேறு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி, மனிதர் செய்த ஒரு பெரும் தவறால் கிடைத்தது. 1950களில் ஆல்ட்ரின், டீல்ட்ரின், டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் வயல்களில் பரவியபோது, அவற்றை உண்ட குருவிகள் வழியாக நஞ்சு ஸ்பேரோஹாக்கின் உடலில் சேர்ந்தது. வளர்ந்த பறவைகள் செத்தன. முட்டை ஓடுகள் மெலிந்து உடைந்தன. ஓடு மெலிந்ததை ஆய்வாளர் டெரெக் ராட்கிளிஃப் 1967-இல் வெளியிட்டார். கிழக்கு இங்கிலாந்தில் பறவை அநேகமாக மறைந்தே போயிற்று. 1954-இன் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறாத ஸ்பேரோஹாக்குக்கு 1960களில்தான் பாதுகாப்பு கிடைத்தது. நஞ்சுகள் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டதும் அது திரும்பி வந்தது. அதாவது, வேட்டைப் பறவை இருந்த காலம், இல்லாத காலம், மீண்டும் வந்த காலம் என்று மூன்றையும் ஒரே நிலத்தில் ஒப்பிட வழி பிறந்தது. எந்த விஞ்ஞானியும் வேண்டுமென்றே செய்திருக்க முடியாத பரிசோதனை இது.

ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் பட்டாணிக்குருவிகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். 1960களில் அங்கே ஸ்பேரோஹாக் இல்லை; 1970களில் வந்து கூடு கட்டியது; ஏராளமான குஞ்சுகளைத் தூக்கிச் சென்றது. ஆனாலும் அடுத்தடுத்த வசந்தங்களில் கூடு கட்டிய பட்டாணிக்குருவிகளின் எண்ணிக்கை அதனால் சரியவில்லை. சர்ரே மாவட்டத்தின் புக்கம் காமனில் 1949 முதல் 1979 வரையான பறவைக் கணக்கை இயன் நியூட்டன் குழு அலசியபோதும் முடிவு அப்படியே இருந்தது. காரணம் எளிய கணக்கு. பெரிய பட்டாணிக்குருவி ஒரு தடவைக்கு எட்டு ஒன்பது முட்டை இடுகிறது. எண்ணிக்கை ஆண்டுக்காண்டு நிலையாக இருக்க வேண்டுமென்றால், அந்தக் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை அடுத்த வசந்தத்துக்குள் எப்படியாவது இறந்துதான் ஆக வேண்டும். காட்டில் கிடைக்கும் உணவும் பொந்துகளும் எத்தனைக்குப் போதுமோ அத்தனைதான் மிஞ்சும். பருந்து பிடித்தவற்றில் பல, பிடிக்காவிட்டால் பசியிலோ குளிரிலோ போயிருக்கும்; ஒன்று போன இடத்தில் இன்னொன்றுக்கு இடம் கிடைக்கிறது. நாடு முழுவதற்குமான எண்ணிக்கைகளை ஒப்பிட்ட 1998 ஆய்வும், வேட்டைப் பறவைகள் பரவியதற்கும் நாட்டுப்புறப் பாடும் பறவைகள் குறைந்ததற்கும் தொடர்பு காணவில்லை. 2010-இல் வந்த விரிவான ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, பாடும் பறவைகளுக்கு எதிரிகளால் ஆபத்து என்று கவலைப்பட்ட ஓர் அமைப்பேதான். அந்த ஆய்வும் பெரும்பாலான இனங்களில் அப்படிப்பட்ட பாதிப்பைக் காணவில்லை.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு வருகிறது. கொல்வது மட்டுமா கேடு, பயமுறுத்துவதும் கேடுதானே? உண்மை. வைத்தம் குருவிகளே இதற்குச் சாட்சி: ஸ்பேரோஹாக் இருந்த ஆண்டுகளில் அவை எடை குறைந்து திரிந்தன என்று 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொழுத்தால் வேகம் குறையும், மெலிந்தால் பட்டினி கொல்லும். இரண்டுக்கும் நடுவே அவை நாள்தோறும் கணக்குப் போடுகின்றன. கனடாவில் லியானா சானெட் குழு இன்னும் துணிந்து சோதித்தது. சாங் ஸ்பேரோ என்ற குருவியின் கூடுகளை வலையாலும் மின்வேலியாலும் காத்துவிட்டு, எதிரிகளின் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் கேட்கவைத்தார்கள். ஒரு குருவிகூட எதிரிக்கு இரையாகாமலே, அந்த ஆண்டில் தேறிய குஞ்சுகள் 40 சதவீதம் குறைந்தன. பயம் தலைமுறை தாண்டியும் பெருக்கத்தைக் குறைக்கிறது என்று அதே குழு 2022-இல் காட்டியது. இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே குரல்கள் இனப்பெருக்கக் காலம் நெடுகத் திரும்பத் திரும்ப ஒலித்தன, அதுவும் பலவகை எதிரிகளின் குரல்கள். குளிர்காலத்தில் சில வாரம் வந்து போகிற ஒற்றைப் பறவையோடு அதைச் சமமாக வைக்க முடியாது. பயத்தின் விலை வைத்தம் கணக்குக்குள்ளும் அடங்கியிருக்கிறது. அந்த விலையைக் கொடுத்த பிறகும் அங்கே குருவிகள் குறையவில்லை.

இன்னொரு மறுப்பு சிட்டுக்குருவியைப் பற்றியது. தோட்டங்களில் எடுத்த கணக்கைக் கொண்டு, பிரிட்டனில் சிட்டுக்குருவி குறைந்ததற்கு ஸ்பேரோஹாக்கின் வருகையே முக்கியக் காரணம் என்று அதே 2010-இல் வேறோர் ஆய்வு வாதிட்டது. திறந்தவெளியில் கூட்டமாக மேயும் பறவைக்கு அந்த ஆபத்து கூடுதல்தான். ஓர் இனத்தைப் பொறுத்தவரை அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை வைத்துத் தோட்டத்துப் பறவைகள் அத்தனைக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

இத்தனைக்கும் நடுவில், தீனித்தட்டு தானே செய்யும் கேட்டைப் பற்றிய பேச்சு குறைவாகவே எழுகிறது. பருந்து குருவியைப் பிடிப்பது ஜன்னல் வழியே தெரிகிறது, நோய் தெரிவதில்லை. பல பறவைகள் ஒரே தட்டில் வாய் வைக்கும்போது எச்சில் கலந்த தீனி வழியாகவும் தண்ணீர் வழியாகவும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பரவுகிறது. தொண்டை அடைத்து, விழுங்க முடியாமல் பறவை சாகும். 2005 முதல் இந்த நோய் பிரிட்டனின் கிரீன்ஃபிஞ்சுகளை வாரிக்கொண்டு போயிற்று. 2021-இல் அந்தப் பறவை அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. எந்த ஸ்பேரோஹாக்கும் கிரீன்ஃபிஞ்சுக்கு இப்படி ஒரு சரிவைக் கொண்டுவந்ததாகச் சான்று இல்லை. அமெரிக்காவில் வீட்டுப் பூனைகளும் தெருப் பூனைகளும் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாகவும், கட்டடங்களில் மோதி 36 கோடி முதல் 99 கோடி வரை சாவதாகவும் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பருந்துக்குப் பயந்து பாய்கிற குருவி கண்ணாடியில் முட்டிச் சாவதும் உண்டு. அந்தச் சாவைக் கண்ணாடிக்கும் பருந்துக்கும் பங்கிட்டுத்தான் எழுத வேண்டும்.

‘நான் தீனி காட்டிக் கூப்பிட்டேன், அதனால் அது பலியாயிற்று’ என்ற குற்றவுணர்வு நியாயமானது. மற்ற மறுப்புகளைவிட எனக்கு இதன் மேல்தான் மரியாதை அதிகம். சிகாகோவில் தீனித்தட்டுகளைக் கவனிக்கும் பொதுமக்கள் இருபது ஆண்டு அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்தபோது, அங்கே குருவிகளை வேட்டையாடும் கூப்பர் பருந்தும் அதன் சின்ன உறவும் வந்துபோன இடங்கள் சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்காகக் கூடியிருந்தன. நகரத்துக்குள் வந்துவிட்ட பிறகு, மரங்கள் எத்தனை என்பதைவிட இரை எவ்வளவு என்பதே அவை தங்குவதைத் தீர்மானித்தது. இரையைக் குவித்தவர்கள் நாம்தான். அதற்குப் பரிகாரம் பருந்தின் மேல் கல்லெறிவது அல்ல. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சட்டம் அதை அனுமதிப்பதும் இல்லை. தட்டை ஒன்றிரண்டு வாரம் கழற்றி வைத்தால் கூட்டம் கலையும். வேட்டைப் பறவையும் வேறு இடம் பார்க்கும். குருவிகள் பட்டினி கிடக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை: விஸ்கான்சினில் இருபத்தைந்து ஆண்டு தீனி வைத்துவந்த இடத்தில் அதை நிறுத்திப் பார்த்தபோதும், சிக்கடிகள் வழக்கம்போலவே குளிரைத் தாண்டின. திரும்ப மாட்டும்போது தட்டு ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், இல்லையென்றால் பத்து மீட்டர் தள்ளிப் போகட்டும். ஓடி ஒளிய மூன்று மீட்டர் தொலைவில் அடர்ந்த புதர் ஒன்றும் வேண்டும். கழற்றி வைத்த அந்த நாட்களில் தட்டைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, நன்றாகக் காயவைத்துவிட வேண்டும்.