சத்திர சிகிச்சைக்கு முன் சர்க்கரையை அடக்குதல்

நீரிழிவு நம் நாட்டாருக்குப் புதிய நோயன்று. மதுமேகம் என்றும், சர்க்கரை வியாதி என்றும் பல பெயர்களால் அது வழங்கி வருகின்றது. ஆயினும், அஃது இன்று பரவியுள்ள அளவு முன்னொருபோதும் இருந்ததில்லை. 2023-ம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆராய்ச்சியொன்றின்படி இந்தியாவில் நீரிழிவுடையார் தொகை 10 கோடிக்கு மேற்பட்டதாகும். அவருட் பலர் உடற்பருமனும் மிக்கவர். உணவைக் குறைத்தும், உடலுழைப்பைக் கூட்டியும், மருந்துண்டும் பருமன் நீங்காதார்க்கு, இரைப்பையையும் குடலையும் மாற்றியமைக்கும் சத்திர சிகிச்சை இந்நாளிற் பெருநகரங்களிலெல்லாம் செய்யப்படுகின்றது. அதனை நாடிச் செல்லும் நீரிழிவுடையார்க்கு இரண வைத்தியர் முதற்கண் கூறுவது, "சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்பதே.

இது கேட்டவர் திகைப்பது இயல்பு. "சர்க்கரை அடங்காமையாலன்றோ இச்சிகிச்சையை நாடி வந்தேன்? சிகிச்சையாற் குறையவேண்டியதை அதற்கு முன்னரே குறைக்க வல்லேனாயின், சிகிச்சைதான் எதற்கு?" என்று அவர் வினவுவர். வினா நேரியதே. இதற்குத் தக்க விடை கிடையாமையாற் சிலர் மனஞ்சலித்துச் சிகிச்சையையே கைவிடுகின்றனர். வேறு சிலர் வைத்தியர் சொல்லை வெறுஞ் சடங்கென்றெண்ணி அசட்டை செய்கின்றனர். இரண்டும் கேடு பயப்பன. ஆதலின், அவ்விடையை ஈண்டு ஆராய்வோம்.

இச்சிகிச்சை நீரிழிவுக்கு எவ்வாறு உதவுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்க நாட்டு அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எட்வர்டு மேசன் என்பார், 1966-ம் ஆண்டில் பைபாஸ் எனப்படும் முறையைத் தொடங்கினார். பருமனைக் குறைத்தலே அவர் நோக்கம். இன்று திருந்திய வடிவில் வழங்கும் அம்முறையில், இரைப்பையின் மேற்புறத்து ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதனைச் சிறுகுடலின் தாழ்ந்த பகுதியோடு இணைப்பர். உணவு குடலின் முற்பகுதியைத் தொடாது கீழே செல்லும். ஸ்லீவ் எனப்படும் மற்றொரு முறையில், இரைப்பையின் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கை நீக்கி, எஞ்சியதை ஒரு குழல்போல் அமைப்பர். பைபாஸ் செய்யப்பெற்ற 608 பேரைப் பற்றி வட கரோலினாவைச் சார்ந்த வால்டர் போரீஸ் என்பாரும் அவர் துணைவரும் 1995-ம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் நீரிழிவுடையார் 146 பேர். அந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பான அளவுக்கு வந்தது. எடை பெரிதுங் குறையுமுன், சில நாட்களிலேயே பலருக்குச் சர்க்கரை இறங்கியதுதான் வியப்பு. உணவு திடீரெனக் குறைதலும், அது சிறுகுடலின் கடைப்பகுதியை விரைந்தடைவதால் இன்ஸுலினைத் தூண்டும் சுரப்புகள் மிகுதலும் இதற்குக் காரணங்களாம்.

இந்நன்மை பெரிதே. எனினும் அது கத்தி பட்ட பின்னர் வருவது. கத்தி படும் நாளில் உடல் எந்நிலையில் உள்ளதோ, அந்நிலையிலேயே அது காயத்தைத் தாங்கி ஆறவேண்டும். வருங்காலத்து நலம் அன்றைய காயத்தை ஆற்றாது. திகைத்தவர் வினாவிற்கு விடை இதுவே.

இதனைச் சற்று விரித்துரைப்போம். இரத்தத்திற் சர்க்கரை மிகுந்தால், கிருமிகளைத் தேடிச் சென்று விழுங்கும் வெள்ளணுக்கள் தம் தொழிலிற் சோர்வடைகின்றன. நெடுநாள் நீரிழிவால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டிருப்பின், காயத்திற்கு வேண்டிய பிராணவாயு போதிய அளவு சென்று சேர்வதில்லை. மிகுந்த சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது நீரையும் உடன் கொண்டு செல்வதால் உடல் வறள்கின்றது. இவற்றோடு, சத்திர சிகிச்சை என்பதே உடலுக்கு ஒரு பேரதிர்ச்சி. அவ்வதிர்ச்சியில் அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் பெருகிச் சர்க்கரையை மேலும் உயர்த்தும். தோலிற் பட்ட காயம் தாமதித்து ஆறினால் துன்பம் சிறிது. இங்கோ இரைப்பையிலும் குடலிலும் தைத்த இடங்கள் உள்ளே ஆறவேண்டும். அத்தையல் கசியுமாயின் உயிருக்கே இடர் நேரும். இக்காரணம்பற்றியே வைத்தியர் முன்னெச்சரிக்கை கொள்கின்றனர்.

இனி, எவ்வளவு குறைத்தால் போதும்? செவ்வணுக்களிலுள்ள ஹீமோகுளோபினோடு சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். செவ்வணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், அவ்வொட்டிய அளவு கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும். ஹெச்.பி.ஏ.1சி. என்னும் சோதனை இதுவே. நீரிழிவுடையாரின் ஹீமோகுளோபினில் இம்மாறுதல் உண்டென்பதை 1968-ம் ஆண்டில் ஈரான் நாட்டு அறிஞர் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். அமெரிக்க வைத்தியக் கழகங்கள் 2013-ம் ஆண்டில் வெளியிட்டு 2019-ல் புதுப்பித்த நெறிமுறை, பருமன் சிகிச்சைக்கு முன் இவ்வளவு நூற்றுக்கு 6.5 முதல் 7 வரையோ அதற்குக் கீழோ இருத்தல் நலம் என்கின்றது. வெறுவயிற்றில் 110 மில்லிகிராமுக்கும், உண்டு இரண்டு மணி நேரத்திற்குப் பின் 140 மில்லிகிராமுக்கும் மேற்படாதிருத்தலும் அதன் குறிக்கோள். நோய் நெடுநாளையதாயின், அல்லது உறுப்புகள் கெட்டிருப்பின், 7 முதல் 8 வரை இருக்கலாம். 8-க்கு மேற்பட்டால் வைத்தியரே சீர்தூக்கி முடிவு செய்யவேண்டும். பிரிட்டனிலோ, முன்கூட்டித் திட்டமிடும் சத்திர சிகிச்சைகளுக்கு 8.5 என்பதை எல்லையாகக் கொள்வர்.

இவ்வெண்கள் ஒன்றற்கொன்று மாறுபடுவதைக் கண்டு மயங்கவேண்டுவதில்லை. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் நோக்கியே மருத்துவன் செயற்படவேண்டும் என்பது வள்ளுவர் கொள்கை. ஈண்டும் அதுவே நெறி. ஓர் எச்சரிக்கை மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது. இரும்புச்சத்துக் குறைந்த சோகையுடையார்க்கு இச்சோதனை உள்ளதினும் மிகுத்துக் காட்டலாம். செவ்வணுக்கள் விரைந்தழியும் நோயுடையார்க்குக் குறைத்துக் காட்டலாம். நம் பெண்மக்களிற் பலர் சோகையுடையராதலின், விரல் நுனியில் இரத்தமெடுத்து நாடோறும் பார்க்கும் அளவுகளையும் உடன்வைத்து நோக்குதல் அறிவுடைமை.

குறைக்கும் வழியில் முதலிடம் உணவுக்கே. சிகிச்சைக்கு முன் இரண்டு வாரமளவில் நாளொன்றுக்கு 800 கலோரி முதலாகக் குறைந்த உணவைப் பல வைத்தியசாலைகளில் விதிக்கின்றனர். இதனாற் சர்க்கரை குறைவதோடு மற்றொரு பயனும் உண்டு. கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின்மேற் கவிந்துள்ளது. பருமனுடையார்க்கு அது கொழுப்பேறிப் பருத்திருக்குமாதலின், அதனை ஒதுக்கி இரைப்பையைக் காண்பது வைத்தியருக்கு அரிதாகும். மாச்சத்தைக் குறைத்தால், கல்லீரலிற் சேமித்துள்ள கிளைக்கோஜனும், அதனோடு பிணைந்த நீரும், பின்னர்க் கொழுப்பும் கழிந்து, அவ்வுறுப்புச் சுருங்கும். நம்மவர் இங்கே தவறுவதுண்டு. "திரவ உணவு கொள்க" என்றவுடன் அரிசிக் கஞ்சியும், பழச்சாறும், சர்க்கரையிட்ட பாலும் பருகுவர். இவை திரவமேயாயினும் மாவும் சர்க்கரையும் நிறைந்தவை. கொழுப்பு நீக்கிய பால், மோர், பருப்புத் தண்ணீர், காய்கறிச் சாறு போன்றவற்றுள் தமக்கு ஏற்றவை எவை, எவ்வளவு என்பதை உணவு நிபுணரிடம் கேட்டறிதல் வேண்டும்.

உணவு குறையும்போது மருந்தும் உடன் குறையவேண்டும். இதனை மறத்தல் பேராபத்து. உண்ணுவது பாதியாகி, இன்ஸுலினோ, அதனைச் சுரக்கச் செய்யும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ பழைய அளவிலேயே தொடர்ந்தால், சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கி, நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் உண்டாகும். ஆயின், முதல் வகை நீரிழிவுடையார் இன்ஸுலினை முற்றும் நிறுத்தலாகாது; அளவை மாற்றுதல் வைத்தியர் பொறுப்பு. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் முதலிய மாத்திரைகள் இன்னொரு வகை. பட்டினியோடு இவை சேருமாயின், சர்க்கரை மிகாதிருக்கையிலும் இரத்தத்தில் அமிலம் மிகுந்து கேடு செய்யும். எனவே, இவற்றைச் சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்னரே நிறுத்துமாறு அமெரிக்க அரசாங்க மருந்து அலுவலகம் 2020-ம் ஆண்டில் அறிவித்தது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளூடைடு போன்ற ஊசிகள், இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துவன. மயக்க மருந்து கொடுக்கும்போது அவ்வுணவு மேலெழுந்து நுரையீரலிற் புகக்கூடுமாதலின், அவ்வூசி போட்டுக்கொள்வோர் அதனை மயக்க மருந்து வைத்தியரிடம் தவறாது தெரிவிக்கவேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை விரைந்திறங்கும்போது கண்ணின் விழித்திரைக் கோளாறு சிறிது காலம் மிகுவதும் உண்டாதலாற் கண்ணையும் முன்னரே சோதித்துக்கொள்ளல் நன்று.

இவ்வளவு கூறியதனால், எண் ஒன்றை எட்டும்வரை ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கவேண்டும் என்று கொள்ளற்க. காத்திருத்தலுக்கும் விலையுண்டு. கணையத்தில் இன்ஸுலினைச் சுரக்கும் அணுக்கள் ஆண்டுதோறும் தளர்கின்றன. நோய் தோன்றிச் சில ஆண்டுகளுக்குள் சிகிச்சை பெற்றோரிற் பலர் மருந்தின்றி வாழ, பல்லாண்டு இன்ஸுலின் போட்டுவந்தோரில் அவ்வாறு வாழ்வோர் சிலரே. கிளீவ்லண்டில் 150 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் ஐந்தாண்டு முடிவு 2017-ம் ஆண்டில் வெளியாயிற்று. ஹெச்.பி.ஏ.1சி. அளவு 6-க்கு மேற்படாது நின்றவர், மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 5 பேர். ஸ்லீவ் பெற்றோரில் 23 பேர். பைபாஸ் பெற்றோரில் 29 பேர். சிகிச்சை பெரும்பயன் தருவது என்பதும், அஃது எல்லாருக்கும் முழு விடுதலை தருவதன்று என்பதும் இவ்வெண்களால் ஒருங்கே விளங்கும். நன்முயற்சி செய்தும் 8-க்குக் கீழ் இறங்காத ஒருவரை அவ்வொரு காரணம்பற்றியே தள்ளிவிடலாமா என்பதில் வைத்தியர்களும் ஒரே கருத்தினரல்லர். பத்திலிருந்து எட்டரைக்கு இறங்கியதும் இறக்கமே. சில வாரங்களோ சில மாதங்களோ முயன்று, சிகிச்சை நாளில் இரத்தச் சர்க்கரையை 100 முதல் 180 மில்லிகிராம் வரையில் நிறுத்திக் காத்தல் பலருக்கு இயல்வதேயாம்.

இறுதியாக ஒன்று கூறுதும். இம்முன்னேற்பாட்டால் வரும் பயன் சிகிச்சை நாளோடு முடிவதன்று. சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்குள் மருந்தின் தேவை வேகமாய் மாறும். இன்ஸுலின் பாதியாகலாம், நின்றும் போகலாம். அப்பொழுது தன் சர்க்கரையைத் தானே சோதிக்கவும், எண்ணைக் குறித்துவைக்கவும், சிறுகச் சிறுக மென்றுண்ணவும், தாழ் சர்க்கரையின் அடையாளம் கண்டு உடனே செயற்படவும் அறிந்தவரே இடரின்றி நடப்பர். இப்பழக்கங்கள் காத்திருக்கும் வாரங்களிற் கைவந்திருக்கவேண்டும். சிகிச்சை பெற்றாரிற் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து நீரிழிவு மீள்வதுமுண்டு. அன்றும் துணையாவன இவையே. ஆதலின், நம் இல்லத்தாரோ நண்பரோ இந்நிலையில் இருப்பாராயின், "ஏன் இன்னும் தாமதம்?" என்று கேட்டு அவரைத் தளர்விக்காது, அவர் உண்ணும் அளவுணவைத் தாமும் உடனிருந்து உண்டு, மாலையில் உடன் நடந்து, அவர் குறித்த எண்களை அவரோடிருந்து பார்த்து உதவுவோமாக. இரண வைத்தியர் செய்யும் வேலை சில மணி நேரத்தது. அதனை நிலைபெறச் செய்யும் வேலை நோயாளியினுடையதும் அவரைச் சூழ்ந்தாருடையதுமாம்.