பிள்ளைகளோடு மலைப்பயணம்: எந்தச் சாலையில் போவது?



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் வீடுதோறும் ஒரு பேச்சு எழும். "இந்த முறையாவது பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகக் கூடாதா?" என்று தாய் கேட்பாள். தகப்பனும் தலையசைப்பார். கொஞ்சம் பணம் சேரும், கார் கிடைக்கும், நாளும் குறிக்கப்படும். ஆனால் எந்தச் சாலையில் போவது என்பதை மட்டும் நம்மில் பலர் புறப்படும் அன்று காலையில்தான் யோசிக்கிறோம். அப்படி யோசிக்காமல் போன ஒரு பயணத்தை முதலில் சொல்கிறேன். அது என் சொந்த அனுபவம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் அண்ணன் குடும்பமும் என் குடும்பமும் ராவாங் பக்கமிருந்து கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். அண்ணன்தான் கார் ஓட்டினார். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கும்போது, "அண்ணே, சின்னவளுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாதே. சிம்பாங் பூலாய் வழியாகப் போவோமா?" என்று கேட்டேன். "அட போடா, அது சுற்று வழி. இது குறுக்கு வழி. வீணாக எதற்குப் பெட்ரோலைக் கரைப்பது?" என்றார். பத்தாவது மைலுக்குள் சின்னவள் வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து அண்ணன் மகனும் எடுத்தான். ஆறு இடங்களில் நிறுத்தினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் துவண்டு போயிருந்தார்கள். அன்று மாலை அவர்கள் தேயிலைத் தோட்டத்தையும் பார்க்கவில்லை, ஸ்ட்ராபெரிப் பழத்தையும் தொடவில்லை. அண்ணி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மிச்சம் பிடித்த பெட்ரோலைப் பிள்ளைகளிடமிருந்து வாங்கிவிட்டோம்." அந்த வார்த்தைதான் இன்றைய பேச்சுக்குக் காரணம்.

நேயர்களே, கேமரன் மலை நமக்கு அந்நிய இடமன்று. அங்கே 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் நம் இனத்தவர் ஏராளம். நம் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய மண் அது. ஆகவே, அங்கே போகும் வழியையே இன்று எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

சிலாங்கூர்ப் பக்கமிருந்து போகிறவர்கள் முதலில் மலையடிவாரத்தைச் சென்றடைய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. மற்றொன்று பழைய கூட்டரசு சாலை. பழைய சாலை தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை, பீடோர் என்று ஊர் ஊராகப் போகும். அதில் டோல் இல்லை. பிள்ளைக்குப் பசித்தால் கடை இருக்கும், காய்ச்சல் கண்டால் கிளினிக் இருக்கும். ஆனால் பல இடங்களில் போவதும் வருவதும் ஒரே சாலைதான். நடுவில் தடுப்பு இல்லை. லாரியின் பின்னால் பொறுமை இழந்து முந்தப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் எதிரே வரும் வண்டியோடு மோதும் ஆபத்து இருக்கிறது.

1994ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட நெடுஞ்சாலையில் போகும் தடமும் வரும் தடமும் தனித்தனியானவை. முச்சந்தியும் சமிக்ஞை விளக்கும் குறுக்கிடா. உலு பெர்ணம் போன்ற இடங்களில் கழிப்பறை, சாப்பாட்டுக்கடை, தொழுகைக்கூடம் எல்லாம் அமைந்த ஓய்வு நிலையங்கள் உண்டு. டோல் சாவடியில் பணத்தாளை நீட்டிக் கடந்துபோன காலம் மாறிவிட்டது. ஆகவே, 'டச் அண்ட் கோ' அட்டையில் போதிய தொகை இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அது வரம்புதானே தவிர, அவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்ற கட்டளையன்று. சிறு பிள்ளைகள் இருக்கும் காரில் இடப்பக்கத் தடத்தில் 90இல் போவதால் யாரும் நம்மைக் குறை சொல்லப் போவதில்லை. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் டோல் காசைப் பெரிதாக எண்ணாமல் நெடுஞ்சாலையையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

இனி மலையேறும் வழிக்கு வருவோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இது வெள்ளையர் காலத்தில் போட்ட பழைய சாலை, குறுகலானது, வளைவுக்குப் பின் வளைவாக ஏறும். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கிறது. பிறகு ரிங்லெட் பட்டணம் வரும். இரண்டும் இளைப்பாற ஏற்ற இடங்கள். சிம்பாங் பூலாய் வழியோ அகலமானது. அதன் வளைவுகள் பெரியவை, நிதானமானவை. ஆனால் தாப்பாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் வடக்கே இன்னும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கிருந்து கம்போங் ராஜா, பிரிஞ்சாங் வழியாகத் தானா ராத்தாவுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆக, மொத்தத்தில் 70 கிலோமீட்டர் அளவுக்குக் கூடுதல் தூரம். தூரத்தை மட்டும் பார்த்தால் என் அண்ணன் சொன்னது சரியே.

ஆனால் பிள்ளைகளின் உடம்பு தூரத்தைக் கணக்கிடுவதில்லை, வளைவுகளைத்தான் கணக்கிடுகிறது. நம் காதின் உட்பகுதியில் நீர் நிறைந்த நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. வண்டி திரும்பும்போதெல்லாம் அந்த நீர் அசைந்து, 'நாம் திரும்புகிறோம்' என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. அதே வேளையில் பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளையின் கண், முன்னிருக்கையின் முதுகையோ கைத்தொலைபேசியையோ பார்த்துக்கொண்டு, 'ஒன்றும் அசையவில்லை' என்று சொல்கிறது. காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, மூளை குழம்புகிறது. அந்தக் குழப்பமே தலைச்சுற்றலாகவும் வாந்தியாகவும் வெளிப்படுகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே இந்தத் தொல்லை அதிகம். கைக்குழந்தைகளுக்கு இது அரிது.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் விளங்கும். மலை ஏறும்போது கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிடுங்கள். தூரத்து மலையையும் மரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சன்னலைச் சற்றே திறந்து காற்று வர விடுங்கள். புறப்படும் முன் வயிறு நிறைய நாசி லெமாக் கொடுக்காதீர்கள், பட்டினியும் போடாதீர்கள். இரண்டு இட்லியோ, உப்பு பிஸ்கட்டோ போதும். பிளாஸ்டிக் பையும், ஈரத் துவாலையும், மாற்றுச் சட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெரியவர்கள் சாப்பிடும் வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது ஆபத்தானது. கிளினிக்கில் வயதையும் எடையையும் சொல்லிக் கேட்டுத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றின் அழுத்தம் மாறுவதால் பிள்ளைகளுக்குக் காது அடைத்து வலிக்கும். குழந்தைக்குப் பால் கொடுங்கள். வளர்ந்த பிள்ளையை அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். விழுங்கும்போது காதடைப்பு நீங்கும்.

அப்படியானால் அகலமான சாலையில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, நேயர்களே. 2010 டிசம்பர் 20ஆம் நாள், அந்தச் சிம்பாங் பூலாய்ச் சாலையில் ஒரு சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல சாலைதான் நம்மை அறியாமல் வேகத்தைக் கூட்டிவிடும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறும்; அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிக்காது. எனவே, இறக்கத்தில் கியரைக் குறைத்து, இயந்திரத்தின் பிடியிலேயே வண்டியை மெதுவாக இறக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆற விடுங்கள்.

நேரமும் முக்கியம். மலையில் பிற்பகலில் மழை பெய்வது வழக்கம், மூடுபனியும் இறங்கும். தொடர்மழைக் காலத்தில் மண்சரிவு ஏற்படும். 1996 ஜனவரியில் குவா தெம்புரோங் அருகே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே மண் சரிந்ததுண்டு. ஆகவே, விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் மேலே சேர்ந்துவிடுங்கள். இரவில் மலை ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். பலத்த மழை பெய்தால் அடிவாரத்திலேயே காத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பேருக்கான காரில் எட்டுப் பேர் ஏறுவதும், தாய் முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. "என் பிள்ளையை நான் விடுவேனா?" என்று தாய் கேட்கலாம். பாசத்தில் குறையில்லை, அம்மா. ஆனால் ஓடும் கார் சட்டென்று மோதி நிற்கும்போது குழந்தை அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். அதைப் பிடித்து நிறுத்தும் வலிமை எந்தத் தாயின் கைக்கும் கிடையாது. பின்னிருக்கையில் இருப்போரும் இடைவார் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. சொந்தக் கார்களில் குழந்தை இருக்கை வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் சட்டம். புதியது வாங்க வசதி இல்லையென்றால், பிள்ளை வளர்ந்துவிட்ட உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். விபத்தில் அடிபட்ட இருக்கையை மட்டும் வாங்காதீர்கள். எல்லாருக்கும் இடமில்லையென்றால் இரண்டு கார்களில் போகலாம். அல்லது இரண்டு முறையாகப் போகலாம். மலை அங்கேயேதான் இருக்கும்.

இனி முடிவுக்கு வருவோம். பீடோர், தாப்பா பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குத் தாப்பா சாலையே இயல்பான வழி. லாத்தா இஸ்கண்டாரிலும் ரிங்லெட்டிலும் நிறுத்தி, மெதுவாகப் போங்கள். ஈப்போ பக்கத்தவர்க்குச் சிம்பாங் பூலாய் அருகிலேயே இருக்கிறது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வாந்தி வரும் பழக்கம் உண்டா? ஓட்டுநர் மலைச்சாலைக்குப் புதியவரா? காரின் பிரேக்கும் டயரும் எப்படி? முதல் இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் சுற்று வழியே உங்களுக்கு நேர் வழி. மூன்றாவது கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லையென்றால், வழியைத் தேட வேண்டாம். முதலில் பட்டறையைத் தேடுங்கள்.

அடுத்த ஆண்டு நாங்கள் மறுபடியும் போனோம். இம்முறை அண்ணனே தாப்பா வழியில் திரும்பாமல் சிம்பாங் பூலாய்க்கு விட்டார். ஐந்தாறு லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாயிற்று. கம்போங் ராஜாவை அடைந்ததும் சின்னவள் சன்னல் வழியே பார்த்து, "பெரியப்பா, அதோ காய்கறித் தோட்டம்!" என்று கூவினாள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

போகிற இடத்துக்கு முதலில் போய்ச் சேர்வது பெரிதன்று. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போய், சிரித்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டும். அப்படித் திரும்ப வைக்கும் சாலையே நல்ல சாலை.